கேரலின் அறையில் ஒரு வாடை

தனக்கோடியின் வீட்டுக்குள் வெயில் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்ரீராம்புரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் அடியில், சந்துக்குள் சந்தாகப் போய் இரண்டு படி இறங்க வேண்டிய ஒற்றை அறை அது. பக்கத்துக் கட்டடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் கிடையாது. மழை பிடித்தால் ஈரம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறும். அது இறங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பெங்களூர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகமா என்ன? ஜூனில் வந்தால் நவம்பர் வரைக்கும் சிணுங்கிக்கொண்டே கிடக்கும். வீட்டுக்காரர் சேஷகிரி வருஷத்துக்கு ஒருமுறை, யுகாதிக்கு முன்னால், ஆள் அனுப்பிச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பார். "புது வீடு மாதிரி ஆயித்து நோடம்மா" என்று கன்னடம் கலந்து தானே மெச்சிக்கொள்வார். ஆடி மாதத்துக்குள் சுவர் மறுபடியும் கறுத்துவிடும்.

அந்த வீட்டில் எதை எடுத்தாலும் ஒரு மக்கிய வாடை இருக்கும். புடவையில், தலையணையில், மகள் சங்கமித்ராவின் காலேஜ் புத்தகத்தில், எல்லாவற்றிலும். உள்ளேயே இருப்பவர்களுக்கு அது தெரியாது. வெளியே போய் நாலு பேருக்கு நடுவில் நிற்கும்போதுதான் தெரியும். அதுவும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முகங்களைப் படிக்கத் தனக்கோடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் புருஷன் கோவிந்தப்பா கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். இரண்டு வேளை குளிப்பான், பவுடர் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவான், ஏறினாலும் உட்கார மாட்டான். பக்கத்தில் சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "நாம உக்காந்து பக்கத்துல இருக்கறவன் எழுந்துகினு போனா நமக்குத்தானே கஷ்டம்" என்பான். அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, வைட்ஃபீல்ட் வரைக்கும் தனக்கோடியும் இப்போது நின்றுகொண்டேதான் போகிறாள்.

வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடியில் சிந்தியா வீடு. சிந்தியாவும் அவள் கணவன் எரிக்கும் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோவிந்தப்பா இறந்த மூன்றாம் மாதம் தனக்கோடி அங்கே சேர்ந்தாள். அப்போது அவர்கள் மகள் கேரலுக்கு வயது தொண்ணூறு நாள். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அன்று வாங்கியதை அவள் கீழே இறக்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை முதலில் பேசிய வார்த்தை 'கோடிம்மா'. சிந்தியாவுக்கு அன்றைக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. பிறகு அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் குழந்தை மேல் தனக்கோடிக்கு உயிர். புருஷன் செத்த துக்கத்தை அவள் அழுது தீர்க்கவில்லை, கேரலைக் குளிப்பாட்டித் தீர்த்தாள். மத்தியானம் அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்து படுத்தால்தான் குழந்தை தூங்கும். ரசஞ்சாதத்தை அவள் பிசைந்தால்தான் வாயைத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் தனக்கோடி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்குவாள். "வீட்ல நான் ஒருத்தி இருக்கேன் மா, ஞாபகம் இருக்கா?" என்று சங்கமித்ரா கேலி செய்வாள்.

போன வருஷம் மழைக்காலத்தில்தான் முதன்முதலாக அது நடந்தது. கேரலின் அறையில் சுவரோடு சுவராகப் பதித்த பெரிய அலமாரி. தனக்கோடி அதன் கதவைத் திறந்து, மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் அந்த வாடை பட்டது. தன் வீட்டு வாடை, ஒன்பதாவது மாடியில், குழந்தையின் சட்டைகளுக்கு நடுவில்! நாற்றம் என்று ஒன்று வந்தால் மற்றவர்கள் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். தனக்கோடி முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். அதிலும் அந்த வாடை இருந்தது. இருக்கத்தானே செய்யும், அது ஸ்ரீராம்புரத்துப் புடவையாயிற்றே. ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை இன்னொருமுறை துடைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஜூலையில் கேரலுக்கு இருமல் பிடித்தது. சளி என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. ஆகஸ்டில் மூச்சு வாங்கத் தொடங்கியது. விலாவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, தூசி, பூஞ்சை, புகை மூன்றும் வீட்டில் இருக்கவே கூடாது என்றார். மூக்கையும் வாயையும் மூடினாற்போல் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்.

அன்றே சிந்தியா வீட்டை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தாள். "அக்கா, பாப்பா ரூம்ல ஒரு மாதிரி மஸ்டியா ஸ்மெல் வருதுல்ல? ஈரத்துணி மாதிரி?" என்று கேட்டாள்.

"தெரியலையே மேடம்" என்றாள் தனக்கோடி.

மெத்தையை வெயிலில் போட்டார்கள். திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தார்கள். ஏ.சி. சல்லடையைக் கழுவினார்கள். பொம்மைக் கரடிகள் நாலையும் குப்பைக்குப் போட்டார்கள். கடைசியில் எரிக் ஒரு காற்று சுத்தம் செய்யும் மிஷினை வாங்கி வந்து கேரலின் கட்டிலருகே வைத்தான். வெள்ளைப் பெட்டி, மேலே வட்டமாக ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டிருந்தால் சிவப்பு. புகை, தூசி, நாற்றம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று எரிக் விளக்கினான். அரைமணி நேரம் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். பச்சையாகவே எரிந்தது.

அப்போது தனக்கோடி, இஸ்திரி போட்ட துணிகளோடு உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். விளக்கு மஞ்சளாகி, அப்படியே சிவப்பாகியது.

சிந்தியா கைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். எரிக் நல்லவன், நிலைமையைச் சமாளிக்க, "அக்கா வந்தாலே அலாரம் அடிக்குதே!" என்று சிரித்தான். தனக்கோடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சைக்குத் திரும்பியது என்பதை அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தூபக்காலில் கரி போட்டு, சாம்பிராணி தூவி, மறுநாள் கட்டப் போகிற புடவையை அதன் மேல் கவிழ்த்தாள். தலையை விரித்து அந்தப் புகையில் காட்டினாள். டாக்டர் புகை ஆகாது என்று சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் சாம்பிராணியை யாராவது புகை என்று நினைப்பார்களா? பச்சைக் குழந்தைக்குத் தலை குளிப்பாட்டி, சளி பிடிக்காமல் இருக்க நாமே காட்டுவதுதானே? கேரலுக்கே அவள் எத்தனையோ நாள் காட்டியிருக்கிறாள். புகை என்றால் பீடி, லாரி, குப்பை எரிப்பது. சாம்பிராணி சுத்தம். அவள் கணக்கு அப்படி.

மறுநாள் ஹாலில் கால் வைத்ததும் கேரல் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு போய் மிஷின் முன்னால் நிறுத்தியது. தனக்கோடியின் கூந்தலிலும் புடவையிலும் இருந்த மணத்துக்கு மிஷின் உறுமியது, விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. குழந்தைக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"கோடிம்மா ரெட்! கோடிம்மா ரெட்!" என்று கை தட்டிக் குதித்தது. குதித்ததில் இருமல் வந்தது. இருமி இருமி உதடு வெளுத்து, சிந்தியா ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

சிந்தியா கொடுமைக்காரி இல்லை. அதுதான் தனக்கோடிக்கு இன்னும் கஷ்டம். திட்டியிருந்தால் பதிலுக்கு மனசுக்குள்ளாவது திட்டலாம். சிந்தியா மறுநாள் இரண்டு புது நைட்டி வாங்கி வந்தாள். பால்கனி ஓரம் இருந்த சின்னக் குளியலறையில் புது சோப்பும் துண்டும் வைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மெட்ரோல கூட்டத்துல வர்றீங்க, டஸ்ட்டு கிஸ்ட்டு இருக்கும். வந்தவுடனே ஒரு குளி குளிச்சிட்டு இதைப் போட்டுக்குங்க. பாப்பாவுக்காகத்தான்" என்றாள். சொல்லும்போது அவள் பார்வை தரையில் இருந்தது.

தனக்கோடி குளித்தாள். தலைக்கு ஷாம்பு போட்டாள். கழுத்தடியில், காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கில், தோல் எரிகிற மட்டும் தேய்த்தாள். இந்த வீட்டுச் சோப்பு, இந்த வீட்டுத் தண்ணீர், இந்த வீட்டுத் துணி. இனி எதுவும் தன்னுடையதாக இருக்க வழியில்லை என்று தைரியம் வந்தது. ஈரத் தலையோடு கேரலின் அறைக்குள் போனாள். பச்சை. கட்டில் விரிப்பை மாற்றினாள். பச்சை. குழந்தைக்குச் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினாள். விளக்கு சிவந்தது.

அன்று அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தோலுக்குள் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். நாற்பத்தாறு வருஷம் அந்த ஈரத்திலேயே கிடந்தால் உள்ளே இறங்காமலா இருக்கும்?

மிஷின் பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அதனிடம் யாரும் சரியாகக் கேள்வி கேட்கவில்லை. சிந்தியா படித்தவள். எழுதி வைத்தே பார்த்தாள். திங்கள் முதல் சனி வரை சிவப்பு, ஞாயிறு முழுக்கப் பச்சை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்கிற கேரலின் கவுன் சிந்தியாவின் அறையிலேயே தொங்கும், அன்று அந்த அலமாரியை யாரும் தொடுவதில்லை. அந்த விவரம் அவள் எழுதிய தாளில் இல்லை.

அக்டோபர் முதல் வாரம் சிந்தியா அவளை ஹாலில் உட்காரச் சொன்னாள். தனக்கோடி நின்றாள்.

"கொஞ்ச நாளைக்கு வேணாம் அக்கா. பாப்பாவுக்கு சரியாகட்டும். நானும் வீட்லேர்ந்தே வேலை பாக்கப் போறேன். அப்புறமா கூப்பிடறேன்."

"நான் தள்ளியே நிக்கறேன் மேடம். சமையல் கட்டோட இருந்துக்கறேன். பாப்பாவைத் தொடமாட்டேன்."

"அவ உங்களை விடமாட்டாளே அக்கா" என்றாள் சிந்தியா.

கேரல் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று இருவருமே நினைத்தார்கள். தனக்கோடி அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட சங்கமித்ராவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அவங்க சொன்னாங்கன்னா நீயும் ஆமாம்னு தலையாட்டிகினு வந்துட்டியா? நாத்தம்னா ஒடனே நாமதானா? வேற எங்கேயும் நாத்தமே கிடையாதா?"

"மிஷின் சொல்லுதுடி. மனுஷன் சொன்னா சண்டை போடலாம்."

"மிஷினுக்கு உன் ஜாதகம் தெரியுமா? நீ உள்ள போனப்ப வேற இன்னா நடந்துச்சுன்னு பாத்தியா?"

"சும்னே இரு. கொழந்தைக்கு மூச்சு முட்டுது, உனக்கு நியாயம் வேணுமா?" என்று தனக்கோடி கத்தினாள். கத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் அவள் எங்கும் வேலை தேடிப் போகவில்லை. தெருவில் யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் எழுந்து உட்காருவாள். சோறு இறங்கவில்லை. கேரலுக்கு யார் பிசைந்து கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை போன் பண்ணிக் கேட்கலாமா என்று இருக்கும். கேட்க நாம் யார் என்று போனைக் கீழே வைத்துவிடுவாள்.

நவம்பர் நடுவில் போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" சிந்தியாவின் குரலில் உயிரே இல்லை. தனக்கோடிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கூப்பிட்டுவிட்டார்கள் என்பது ஒன்றுதான் விழுந்தது. மார்க்கெட்டுக்கு ஓடி ஒரு புது நூல் புடவை வாங்கினாள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் வாடை ஏறிவிடும் என்று, மாடி வீட்டு மரகதத்திடம் கேட்டு அங்கேயே குளித்துக் கட்டிக்கொண்டு நேரே மெட்ரோவுக்குப் போனாள். புடவையில் கடைக் கஞ்சியின் மணம் மட்டும்தான் இருந்தது.

சிந்தியா கதவைத் திறந்தாள். இளைத்துப் போயிருந்தாள். நேரே கேரலின் அறைக்கு அழைத்துப் போனாள். அறையில் கட்டில் இல்லை, மிஷின் இல்லை. அலமாரியைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அதன் பின்பலகை கையால் பிட்டால் உதிர்கிற பதத்தில் ஒரு மூலையில் கிடந்தது. அலமாரி இருந்த இடத்தில் சுவர் தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கறுப்பாக இருந்தது. அடர்த்தியாக, மயிர் முளைத்தாற்போல, பூஞ்சை. வாடை ஆளைத் தள்ளியது.

"கீழ் வீட்டு சீலிங்ல கறை வந்திருக்குன்னு பிளம்பர் வந்தாரு" என்றாள் சிந்தியா. "அந்தப் பக்கம் பாத்ரூம். பைப் சுவருக்குள்ளயே கசிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமாவது இருக்கும்கறாரு. ஒவ்வொரு வாட்டி கதவைத் தெறக்கறப்பவும் இது பூரா காத்துல வந்திருக்கு. நீங்க போனப்புறம் நான் தெறந்தேன். அப்பவும் ரெட்தான். மிஷின்தான் பழுதுன்னு விட்டுட்டேன்."

முதலில் தனக்கோடிக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். 'நான் இல்லை' என்று நெஞ்சு ஒருமுறை எழும்பி அடங்கியது. அடுத்த நிமிஷமே, "பாப்பா எங்க மேடம்?" என்றாள்.

"எங்க ரூம்ல இருக்கா. ஆறு நாள் ஐ.சி.யூ.ல இருந்தா. நுரையீரல் முழுசா பழையபடி வருமான்னு இப்போ சொல்ல முடியாதுங்கறாங்க." சிந்தியா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பிறகு திரும்பினாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் ஆபீஸ் போயிடுவேன், எரிக்குக்கு மூக்கே வேலை செய்யாது. நாலு வருஷமா இந்த ரூம்ல இருந்தது நீங்கதான். இந்தக் கதவைத் தெறந்து தெறந்து மூடினது நீங்கதான். உங்களுக்கு ஒரு நாள்கூட ஸ்மெல் வரலையா?"

"வந்துச்சு மேடம்."

"எப்போலேர்ந்து?"

"போன வருஷ மழையிலேர்ந்து."

"போன வருஷமா? அப்போ அவளுக்கு இருமலே கிடையாதே! ஏன் அக்கா சொல்லல?"

"நான்தான்னு நெனச்சேன்."

சிந்தியாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் முகம் கோணியது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே சுவரை உடைச்சிருப்போமே. எம் புள்ளைக்கு ஒண்ணுமே ஆயிருக்காதே. ஒரே ஒரு வார்த்தை..." என்று சத்தம் போட்டாள். சட்டென்று நின்றாள். அப்படியே தரையில், உதிர்ந்த பலகைத் தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நானும் நீங்கதான்னுதானே நெனச்சேன்" என்றாள்.

தனக்கோடி அந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்தாள். ஒரு வருஷம். தன் மானத்தை மறைத்துக்கொள்ள அவள் வாயை மூடிய ஒரு வருஷமும் அந்தக் குழந்தையின் மார்புக்குள் போய்விட்டது. வேண்டுமென்றே செய்தவர்களுக்காவது மனசு கல்லாகியிருக்கும். அவளுக்கு அந்த வசதியும் இல்லை.

சிந்தியாவின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் தனக்கோடி வாசலுக்கு வந்தாள். கேரல் சுவரைப் பிடித்தபடி வந்து ஹாலில் நின்றது. கால்கள் குச்சியாகியிருந்தன, கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. தனக்கோடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓட முடியவில்லை, மூச்சு வாங்கியது. இரண்டு கைகளையும் தூக்கி நீட்டியது.

"கோடிம்மா, தூக்கு."

"தூக்குங்க அக்கா" என்றாள் சிந்தியா உள்ளேயிருந்து.

தனக்கோடி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வைத்தவள் பின்வாங்கினாள். "இதோ, கை கழுவிகினு வந்துடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, பால்கனி ஓரத்துக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அலசிவிட்டு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சோப்பு மணம்தான் வந்தது. சுவரைக் கண்ணால் பார்த்தாயிற்று, சிந்தியாவே வாய்விட்டுச் சொல்லியாயிற்று. ஆனாலும் அந்த மணத்துக்கு அடியில் வேறு ஏதோ இருப்பது போலிருந்தது அவளுக்கு. மறுபடி சோப்பை எடுத்தாள்.

"கோடிம்மா" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன் கண்ணு" என்றாள். மூன்றாம் முறையும் தேய்த்தாள். நகத்தடியில் தேய்த்தாள், மணிக்கட்டில் தேய்த்தாள், முகர்ந்தாள், இன்னொருமுறை தேய்த்தாள். குழந்தை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டது. பிறகு இருமல் கேட்டது, சிந்தியா எழுந்து ஓடுவது கேட்டது. தனக்கோடி ஓடுகிற தண்ணீரில் கைகளை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.